மிச்ச நூலில் குரோஷே பூ: எந்தத் துண்டில் எந்தப் பூ வரும்?

மல்லிமொட்டு

வணக்கம் எல்லாருக்கும். போர்வை, தொப்பி, சால்வைன்னு பின்னி மீந்துபோன நூல் ஒரு பை நிறைய சேர்ந்திருக்கு. ஒண்ணு ரெண்டு பாதிக் கண்டா இருக்கு, மத்ததெல்லாம் உள்ளங்கைக்குள்ள அடங்குற உருண்டைங்க. லேபிள் எதுக்கும் இல்லை. தடிமனும் ஒரே அளவா இல்லை. பருத்தி, அக்ரிலிக் ரெண்டும் இருக்கு, கம்பளியும் இருக்கும்னு தோணுது. இதையெல்லாம் அலங்காரப் பூவா பின்னிடலாம்னு இருக்கேன். கொஞ்சம் ஹேர் கிளிப்புக்கு, கொஞ்சம் பையில தைக்க, மீதி கம்பியில கட்டி ஜாடியில வைக்க.

செயின், சிங்கிள், டபுள்னு குரோஷே ஊசியில போடுற அடிப்படைப் பின்னல்களும், நூலை வளையமாக்கி நடுவை இறுக்குற மேஜிக் ரிங்கும் கைக்கு வரும். எனக்குத் தெரிய வேண்டியது: ஒரு துண்டு நூலைப் பார்த்ததும் அதுல ஒரு பூ முழுசா வருமான்னு முன்கூட்டியே எப்படிக் கணக்குப் போடுறது? நாலாவது இதழ்ல நூல் தீர்ந்துட்டா மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதாயிடுது. அப்புறம், அஞ்சு இதழ்ப் பூவுல இதழ்கள் உள்பக்கமா குவியுது. நடு ஓட்டையும் கொஞ்ச நாள்ல விரிஞ்சுக்குது. வேற வேற நூலை ஒரே பூவுல சேர்க்கலாமாங்கிறதும் சொல்லுங்க.

ஊசிமுனை

மிச்ச நூலைப் பொறுத்தவரை, பூவை முதல்ல முடிவு பண்ணிட்டு நூல் தேடக் கூடாது. நூலை அளந்துட்டு அதுக்கு ஏத்த பூவைப் பின்னணும். இந்த வரிசையை மாத்தினாலே நீங்க சொல்ற பாதியில தீர்ந்துபோற பிரச்சினை போயிடும்.

முதல்ல தடிமன் பாருங்க. ஒரு ஸ்கேல்ல நூலை இழுக்காம, ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்போல 2.5 செ.மீ. தூரத்துக்குச் சுத்துங்க. 14 சுத்துக்கு மேல வந்தா மெல்லிசான 4 ப்ளை வகை. 11, 12 வந்தா அதைவிடத் தடிச்ச டிகே. 9, 10 வந்தா இன்னும் தடிச்ச வொர்ஸ்டட். அதைவிடக் குறைஞ்சா தடி நூல், சின்னப் பூவுக்கு அது ஆகாது. இழுத்துச் சுத்தினா நூல் மெலிஞ்சு எண்ணிக்கை கூடக் காட்டும், அதனால கை தளர்வா இருக்கட்டும். ஒரே எண்ணிக்கை வர்ற நூலெல்லாம் ஒரே டப்பாவுக்குப் போகட்டும். நிறம் பார்த்துப் பிரிக்கிறதைவிட இந்தப் பிரிப்புதான் பின்னும்போது கைகொடுக்கும். மெல்லிசு நூல் ரெண்டை ஒண்ணா பிடிச்சுப் பின்னினா ஏறக்குறைய டிகே தடிமன் வந்துடும். ரெண்டும் வேற நிறமா இருந்தா இதழ்ல இயல்பான நிறக்கலவையும் கிடைக்கும்.

அடுத்தது நீளம். அதுக்கு முழம் போட்டாலே போதும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் சுமார் 45 செ.மீ. இருக்கும், உங்க கையை ஒருதடவை ஸ்கேல்ல சரிபார்த்துக்கோங்க. சமையல் தராசு ஒரு கிராம், ரெண்டு கிராமைச் சரியா காட்டாது. பத்து கிராமுக்கு மேல இருக்கிற உருண்டையை வேணா எடை போடலாம். டிகே அக்ரிலிக் ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர், பருத்தி இன்னும் கனம்கிறதால ரெண்டு மீட்டருக்குப் பக்கம்.

இப்போ டிகே நூல், 3.5 மி.மீ. ஊசிக்கு ஏறத்தாழ கணக்கு. ஒரு செயினுக்கு 1.7 செ.மீ., சிங்கிளுக்கு 3.3, ஹாஃப் டபுளுக்கு (சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரம்) 4.5, டபுளுக்கு 6 செ.மீ. நூல் போகும். கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால இதை அப்படியே நம்பாம ஒரு இதழ் பின்னி, அதைப் பிரிச்சு, ஸ்கேல்ல வச்சு அளந்துடுங்க. அந்த நீளத்தை இதழ் எண்ணிக்கையால பெருக்கி, நடுப்பகுதிக்கானதையும் முனைகளுக்கு 35 செ.மீ.யும் கூட்டுங்க. அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கு கூடுதலா இருந்தா தைரியமா ஆரம்பிக்கலாம்.

சாதாரண அஞ்சு இதழ்ப் பூவையே எடுத்துக்கலாம். மேஜிக் ரிங்ல 10 சிங்கிள், ஸ்லிப் ஸ்டிச்ல (உயரம் கூடாம இணைக்கிற பின்னல்) இணைச்சுக்கோங்க. அப்புறம் ஒவ்வொரு இதழுக்கும் அந்தப் பத்துல ரெண்டு கண் (ஒரு பின்னல் ஒரு கண்): முதல் கண்ணுல ஸ்லிப், 2 செயின், 2 டபுள், அடுத்த கண்ணுல 2 டபுள், 2 செயின், ஸ்லிப். இப்படியே அஞ்சு முறை. முழுப் பூவுக்கும் இரண்டரை மீட்டர், அதாவது ஆறு முழம் நூல் வேணும். நடுவை வேற நிறத்துல போட்டா நடுவுக்கு ரெண்டு முழம், இதழுக்கு அஞ்சு முழம். ஆக உங்க கையில ரெண்டு முழத் துண்டு இருந்தா அது குப்பை இல்லை, ஒரு பூவோட நடு. அதைவிடச் சின்னதை 6 செ.மீ. துண்டுகளா வெட்டி, எட்டு பத்தைச் சேர்த்து நடுவுல கட்டி, பாதியா மடிச்சு மகரந்தத்துக்கு வைக்கலாம்.

ஊசி விஷயத்துல ஒரு வார்த்தை. டிகே நூல் லேபிள்ல பெரும்பாலும் 4 மி.மீ. போட்டிருப்பாங்க. அது சால்வைக்கு, போர்வைக்கு. பூவுக்கு அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரைக்கும் சின்ன ஊசி எடுங்க. 4 ப்ளைக்கு 2.25 அல்லது 2.5, டிகேக்கு 3 அல்லது 3.5, வொர்ஸ்டட்டுக்கு 4. பெரிய ஊசியில பின்னின இதழ் தொளதொளன்னு தொங்கும், பின்னாடி தைக்கிற நூலும் கண் வழியா வெளியே தெரியும்.

சுற்றுவரிசை

இதழ் உள்ளே குவிவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த 2 செயின்தான். இதழின் இரண்டு பக்கமும் செயின்கள் கரையாக நிற்கின்றன. டபுளின் உயரத்துக்கு அந்தக் கரை எட்டவில்லை என்றால், கரை இதழின் தலையைக் கீழே இழுக்கும், இதழ் குவியும். இரண்டு திருத்தங்கள் உண்டு. டபுளை உயரமாக இழுக்கும் கை என்றால் 2 செயினுக்குப் பதில் 3 போடுங்கள். செயினை மட்டும் இறுக்கிப் போடும் பழக்கம் இருந்தால், செயின் போடும்போது கண்ணை ஊசியின் கழுத்துப் பகுதியில் இல்லாமல் முழுத் தடிமனில் ஏற்றிப் பின்னுங்கள். ஊசியின் அளவு அந்தத் தடிமனுக்குத்தான். கழுத்தில் போட்டால் 3.5 ஊசியில் 3 மி.மீ. கண் விழும்.

செயினைச் சரிசெய்த பிறகும் குவிந்தால் இதழில் கண் போதவில்லை. 4 டபுளை 5 ஆக்குங்கள். மாறாக இதழ்கள் பின்பக்கம் வளைந்தாலோ ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ கண் அதிகம். 10 சிங்கிள் கொண்ட நடு அவ்வளவு இதழைத் தாங்காது. இதழுக்கு இதழ் இடைவெளி விழுந்தால் இதழைத் தொட வேண்டாம், நடுவைப் பாருங்கள். ரிங் முழுவதும் இறுகவில்லை என்று பொருள்.

நடு ஓட்டை விரிவது நூல் முனையை ஒரே திசையில் கோத்து நறுக்கிவிடுவதால். அக்ரிலிக்கும் பளபளப்பான பருத்தியும் வழுக்கும், அவற்றில் இது கட்டாயம் நடக்கும். ரிங் முனையை 15 செ.மீ. விடுங்கள். ரிங்கை இறுக்கியதும், முனை மழுங்கிய பெரிய கண் ஊசியில் கோத்து, சிங்கிள்களின் அடிப்பாகம் வழியாக ரிங்கைச் சுற்றி ஒன்றரைச் சுற்று ஓட்டுங்கள். பிறகு ஒரே ஒரு இழையைத் தாண்டி, எதிர்த்திசையில் அரைச் சுற்று திரும்பி வாருங்கள். அந்த ஒரு இழையைத் தாண்டுவதுதான் பூட்டு. அது இல்லாமல் வந்த வழியே திரும்பினால் நூல் வந்த வழியே உருவிக்கொள்ளும். இழுத்துப் பார்த்து அசையவில்லை என்ற பிறகே நறுக்குங்கள்.

கலப்பது பற்றி. மிச்ச நூலுக்கு மிகப் பொருத்தமான பூ, என் கணிப்பில், அடுக்கு ரோஜாதான். அயர்லாந்தில் 1840-களின் பஞ்ச காலத்தில் குடும்பங்களுக்கு வருமானம் தந்த லேஸ் பின்னலில் முக்கியமான உரு அது. ஒவ்வொரு அடுக்கும் தனிச் சுற்று என்பதால் அடுக்குக்கு ஒரு நிறம் மாற்றலாம். ஒரு துண்டு தீர்ந்தால் அந்த அடுக்கோடு தீரட்டும்.

பின்னும் முறை இது. ரிங்கில் 5 செயின் (முதல் டபுளும் 2 செயினும் இதிலேயே அடக்கம்), பிறகு 1 டபுள், 2 செயின் என்று ஐந்து முறை, தொடக்கத்தின் மூன்றாம் செயினில் ஸ்லிப். ஆறு இடைவெளிகள் கிடைக்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள். இது முதல் அடுக்கு. அடுத்த சுற்றில் பூவின் பின்பக்கமாக, முதல் சுற்று டபுளின் தண்டைச் சுற்றி ஒரு சிங்கிள், 4 செயின் என்று ஆறு வளையம். வளையத்துக்குள் சிங்கிள், ஹாஃப் டபுள், 3 டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள். மூன்றாம் அடுக்குக்கு மறுபடி பின்பக்கம், முந்தைய வளையங்களுக்கு இடையே உள்ள சிங்கிளின் தண்டைச் சுற்றிச் சிங்கிள், 5 செயின் வளையம். அதற்குள் 5 டபுள் வைத்த இதழ்.

டிகே நூலில் முனைகளோடு சேர்த்து முதல் அடுக்குக்கு இரண்டரை மீட்டர், இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு நான்கு மீட்டர் எடுத்து வைத்தால் போதும். நிறம் மாற்றுவதை வளையச் சுற்றின் தொடக்கத்தில் செய்யுங்கள், இதழ்ச் சுற்றில் அல்ல. வளையம் இதழுக்குப் பின்னால் ஒளிந்துவிடும், முடிச்சும் அங்கேயே மறையும்.

தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம் அடுக்கின் வளையங்களை முதல் அடுக்கைப்போலவே இறுக்கமாகப் போட்டால் பூ கோப்பை வடிவம் எடுத்துவிடும். வளையம் இதழின் பின்னால் தளர்வாக, சற்றே தொய்ந்து நிற்க வேண்டும். தடி நூலில் 4, 5 செயின் போதவில்லை என்றால் ஒன்று கூட்டுங்கள்.

நூலாம்படை

லேபிள் இல்லாத நூல் என்ன நூல்னு கண்டுபிடிக்காம கலக்காதீங்க. 5 செ.மீ. துண்டை இடுக்கியில பிடிச்சு, எவர்சில்வர் தட்டுக்கு மேல வச்சு நெருப்பு காட்டுங்க. பக்கத்துல தண்ணி இருக்கட்டும். பருத்தி தாள் எரியிற வாசனையோட சட்டுனு எரிஞ்சு, ஊதினா பறக்குற சாம்பலாகும். கம்பளி மெதுவா கருகும், முடி பொசுங்குற நாத்தம் வரும், நெருப்பை எடுத்தா தானா அணைஞ்சுடும், மிச்சத்தை விரல்ல நசுக்கினா பொடியும். அக்ரிலிக் உருகி, கறுப்பா கெட்டியான மணி விழும், ஆறின பிறகும் அது நசுங்காது. உருகுற மணியும் சாம்பலும் சேர்ந்து வந்தா கலப்பு நூல்.

எதுக்கு இவ்வளவுன்னா, துவைக்கிற பொருள்ல கம்பளியும் பருத்தியும் ஒரே பூவுல இருந்தா வெந்நீர்லயும் கசக்கல்லயும் கம்பளி சுருங்கித் திரண்டுக்கும், பருத்தி அப்படியே நிக்கும். பூ கோணிடும். ஜாடியில நிக்கிற பூவுக்கு இந்தக் கவலை இல்லை, தடிமன் ஒத்துப்போனா எதை வேணாலும் சேருங்க. அடர் சிவப்பு, நீலம் மாதிரி பருத்தி நூலை வெள்ளையோட சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு துண்டை வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் ஊறவச்சு வெள்ளை டிஷ்யூல அழுத்திப் பாருங்க. கறை ஒட்டினா அந்த நூல் தனிப் பூவுக்குத்தான்.

பழைய பின்னலைப் பிரிச்ச நூல் சுருள் சுருளா இருந்தா அப்படியே பின்னாதீங்க. கண் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவா விழும். நாற்காலி முதுகுல சிட்டமா சுத்தி, நாலு இடத்துல தளர்வா கட்டி, கம்பளியா பருத்தியா இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில இருபது நிமிஷம் போட்டு, பிழியாம துண்டுல ஒத்தி, தொங்கவிட்டுக் காயவைங்க. அக்ரிலிக் சிட்டத்துக்குத் தண்ணி பத்தாது, ஆவி காட்டணும்.

இனி விறைப்பு. இதுவும் நூலைப் பொறுத்ததுதான். பருத்திப் பூவுக்குக் கஞ்சி போடலாம், ஆனா நாள்பட அரிசிக் கஞ்சிக்குப் பூச்சி வரும். வருஷக்கணக்கா வைக்கிற பூவுக்கு வெள்ளைப் பசை நல்லது. பசையும் தண்ணியும் சம அளவு கலந்து, பூவை முக்கி, நல்லா பிழிஞ்சு, பிளாஸ்டிக் தாள் விரிச்ச தெர்மாகோல் மேல இதழ் இதழா இழுத்து ஊசி குத்தி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்க. துருப்பிடிக்காத ஊசியா இருக்கணும். சாதாரண குண்டூசி ஈரத்துல துரு விட்டு இதழ் நுனியில பழுப்புப் புள்ளி வச்சுடும், அது போகாது. பசை கெட்டியா இருந்தா கண்ணுக்குள்ள ஏடு கட்டி வெள்ளையா காயும், காயறதுக்கு முன்னாடியே ஊதி உடைச்சுவிடுங்க. சர்க்கரைப் பாகு முக்குற பழைய முறையும் இருக்கு. எறும்பு வரும், ஈரக்காத்துல பிசுபிசுக்கும், வேண்டாம்.

அக்ரிலிக் பசையைக் குடிக்காது, மேலாகத்தான் ஒட்டும். அதுக்கு ஆவிதான். அயர்ன்பாக்ஸை இதழ்ல வைக்காம ரெண்டு மூணு செ.மீ. மேல பிடிச்சு ஒரு சில நொடி ஆவி காட்டி, கையால வடிவம் திருத்தி ஆறவிடுங்க. அயர்ன் நேரா பட்டா நூல் உள்ளேயே உருகித் தட்டையாகி, பளபளன்னு துவண்டுபோயிடும். அதுக்கு மாத்து கிடையாது.

மல்லிமொட்டு

ரொம்ப நன்றி மூணு பேருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், என் பையில பாதி உருண்டை அஞ்சு இதழ்ப் பூவுக்குத் தேறுது. சுத்தின நூலெல்லாம் பெரும்பாலும் 11, 12தான் காட்டுது.

இன்னும் ரெண்டு சந்தேகம். நீளமா பின்னிச் சுருட்டுற ரோஜாவுக்கு எவ்வளவு நூல் வேணும்? அதைச் சுருட்டும்போது அடிப்பக்கம் கூம்பா நீட்டிக்கிட்டு வருது, கிளிப்புல தட்டையா உட்கார மாட்டேங்குது. அப்புறம், கிளிப்புல பூவை எப்படிப் பிடிக்க வைக்கிறது? பசை வச்சா உரிஞ்சுடுது.

ஊசிமுனை

சுருட்டு ரோஜாவுக்குச் சுலபமான கணக்கு இருக்கு. எத்தனை இதழ் வேணுமோ அதை ரெண்டால பெருக்கி 3 கூட்டினா அடிச் செயின் எண்ணிக்கை. 24 இதழுக்கு 51, மொட்டுக்கு 12 இதழ்னா 27. ஒரு இதழுக்குச் சராசரி 60 செ.மீ. நூல்னு வைங்க. 24 இதழ் ரோஜாவுக்கு முனைகளோட 15 மீட்டர், ஏறக்குறைய ஆறு கிராம். கையில ஏழு மீட்டர் இருந்தா முனைகளுக்கு ஒரு மீட்டர் கழிச்சுட்டு 60-ஆல வகுங்க, பத்து இதழ் வரும். ஊசி எடுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

செயின் போட ஆரம்பிக்கும்போதே 40 செ.மீ. முனை விட்டுடுங்க. முதல் வரிசை: ஊசியிலிருந்து 5-வது செயின்ல 1 டபுள், 1 செயின், 1 டபுள். ஒரு செயினை விட்டு அடுத்ததுல அதே மாதிரி, கடைசிச் செயின் வரைக்கும். 51 செயின்ல இது 24 ஜோடி. திருப்பி, முதல் ஜோடிக்கு நடுவுல இருக்குற இடைவெளிக்கு ஸ்லிப்ல போய், அங்கே 3 செயின் (ஒரு டபுள் கணக்கு), 3 டபுள். அந்த ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவுல ஒரு சிங்கிள். முதல் ஆறு இதழுக்கு 4 டபுள், அடுத்த எட்டுக்கு 6 டபுள், கடைசிப் பத்துக்கு 8 டபுள். எல்லா இதழும் ஒரே அளவா போட்டா ரோஜா சுருட்டின துணியாத்தான் தெரியும், நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் இருக்காது.

மிச்ச நூல்காரங்களுக்கு இதுல ஒரு நல்ல வசதி. முதல் வரிசை பெரும்பாலும் சுருளுக்குள்ள மறைஞ்சுடும். அதனால செயினும் முதல் வரிசையும் யாருக்கும் பிடிக்காத நிறத்துல நாலரை மீட்டர், இதழ் வரிசை நல்ல நிறத்துல பதினோரு மீட்டர்னு பிரிச்சுக்கலாம். கடைசிச் சுத்துல மட்டும் அது பக்கவாட்டுல தெரியும். பச்சையா இருந்தா புல்லிவட்டமாவே நிக்கும்.

இப்போ கூம்பு. சுருட்டும்போது உள்சுத்தை இறுக்கிட்டே போனா நடு கீழே நழுவும், இல்லேன்னா வெளிச்சுத்து மேலே ஏறும். ரெண்டுலயும் அடி கூம்பாகும். பின்னின நீள நாடாவைக் கையில பிடிச்சுச் சுருட்டாம, மேசை மேல அடிச் செயின் பக்கம் கீழே படும்படி நிக்கவச்சுச் சுருட்டுங்க. அடிச் செயின் எல்லாச் சுத்துலயும் மேசையைத் தொட்டுக்கிட்டே வரணும். முதல் ரெண்டு சுத்து இறுக்கமா, அதுக்கப்புறம் நூல் தானா விழுற தளர்வு. சின்ன இதழ் பக்கத்திலிருந்து ஆரம்பிங்க. நீங்க விட்ட 40 செ.மீ. முனை சரியா அந்தச் சின்ன இதழுக்கு அடியில, நடு மத்தியிலதான் இருக்கும். அதைக் கோத்து, ரெண்டு சுத்துக்கு ஒருதடவை அடியில குறுக்கா குத்தி எதிர்ப்பக்கம் எடுத்து, திசை மாத்தி மறுபடி குத்துங்க. மொத்தமும் சுருட்டின பிறகு தைக்கலாம்னு விட்டா அதுக்குள்ள நடு நழுவிடும்.

இதழ் வெளிப்பக்கம் விரியாம உள்ளே கவிழ்ந்தா நாடாவோட தப்பான முகம் வெளியே இருக்கு. பிரிச்சு, அதே முனையிலிருந்து மறுமுகம் வெளியே வரச் சுருட்டினா சரியாயிடும். பின்னல்ல எதையும் மாத்த வேண்டாம்.

நூலாம்படை

கிளிப்புக்குப் பசை உரியுறது ஏன்னா இரும்பு வழுவழுப்பு, பூவோட அடி மேடுபள்ளம், ரெண்டும் தொடுற இடம் கொஞ்சம்தான். நடுவுல ஃபெல்ட் துணி வைங்க. பூவோட அடியைவிடக் கொஞ்சம் சின்னதா, 3 செ.மீ. வட்டம் வெட்டி, கிளிப் அகலத்துக்கு ரெண்டு கீறல் போட்டு, கிளிப்போட மேல் தகட்டை அதுக்குள்ள நுழைச்சிடுங்க. அப்புறம் ஃபெல்ட்டோட ஓரத்தைப் பூவோட அடியில தையல் நூலால சுத்தித் தைங்க. தகடு நழுவாம இருக்க உள்பக்கம் ஒரு சொட்டு பசை போதும். பாரம் முழுக்கத் தையல்தான் தாங்குது. சூட்டுப் பசைத் துப்பாக்கி வச்சிருந்தா குறைஞ்ச சூட்டு வகையா இருக்கட்டும். அதிகச் சூடு அக்ரிலிக் நூலை உருக்கும், கண் வழியா முன்பக்கமும் கசியும்.

ஜாடிப் பூவுக்குத் தண்டுக் கம்பி 1.2 முதல் 1.5 மி.மீ. தடிமன் இருக்கட்டும். மெல்லிசு கம்பியில ரோஜா தலை கவிழ்ந்துடும். கம்பி நுனியைச் சின்ன வளையமா மடக்கி, பூவோட அடியில வச்சு அந்த வளையத்து வழியாவே தைங்க. மடக்காத நுனி நாளடைவுல பூவைக் குத்திக்கிட்டு நடு வழியா மேலே வரும். தண்டுல நூல் சுத்துறதுக்கு முதல் 2 செ.மீ.க்கும் கடைசி 2 செ.மீ.க்கும் மட்டும் பசை, நடுவுல இரட்டைப் பக்க டேப் ஒட்டிக்கிட்டா நூல் சறுக்காது. 25 செ.மீ. தண்டுக்கு டிகே நூல் மூணு நாலு முழம் போகும்.

இலைக்கு மூணு முழம் போதும். 9 செயின் போட்டு, 2-வது செயின்லேருந்து வரிசையா ஸ்லிப், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள். கடைசிச் செயின்ல சிங்கிள், 2 செயின், சிங்கிள், இதுதான் நுனி. அப்படியே திருப்பாம செயினோட மறுகரையில சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள், ஸ்லிப். இலை நிமிர்ந்து நிக்கணும்னா அரை மி.மீ. கம்பியைக் கரையோட சேர்த்துப் பிடிச்சு, அதையும் உள்ளே அடக்கி இன்னொரு சுத்து சிங்கிள் போட்டுடுங்க. சின்னப் பிள்ளைங்க கைக்குப் போற பூவுல கம்பியும் மணியும் வேண்டாம்.

சுற்றுவரிசை

புதிதாகப் படிப்பவர்களுக்காக: இந்த உரையாடலில் எல்லாரும் சொல்லியிருப்பது அமெரிக்க முறைப் பெயர்கள். பிரிட்டிஷ் முறைப் புத்தகம் வைத்துப் பின்னுபவர்களுக்கு இங்கே சிங்கிள் என்பது டபுள், இங்கே டபுள் என்பது ட்ரெபிள். குறிப்பில் எங்காவது சிங்கிள் என்று வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறைதான். பிரிட்டிஷ் முறையில் இன்று அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. இதைக் கவனிக்காமல் பிரிட்டிஷ் முறையில் டபுள் போட்டால் இதழ் பாதி உயரத்தில் நின்றுவிடும், இங்கே சொன்ன நூல் அளவும் பொருந்தாது.

இன்னொன்று, ஊசிமுனை சொன்ன ரோஜா நாடாவை அக்ரிலிக்கில் பின்னுபவர்கள் சுருட்டுவதற்கு முன்பே ஆவி காட்டிவிடுங்கள். சுருட்டித் தைத்த பிறகு உள்சுற்று இதழ்களுக்கு ஆவி போய்ச் சேராது, வெளி இதழ்கள் மட்டும் துவண்டு நடு விறைத்து நிற்கும்.

மல்லிமொட்டு

மேசை மேல நிக்கவச்சுச் சுருட்டினதும் அடி தட்டையா வந்துடுச்சு. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. வெள்ளைப் பசை போட்ட பூவுல தூசி படிஞ்சா கழுவலாமா?

நூலாம்படை

வேண்டாம். வெள்ளைப் பசை தண்ணி பட்டா மறுபடி இளகும், பூ வடிவம் விட்டுடும். காஞ்ச மெல்லிய பெயிண்ட் பிரஷ்ல இதழுக்கு அடிவரைக்கும் தட்டி எடுங்க, ரொம்பப் படிஞ்சிருந்தா ஹேர் டிரையரைச் சூடு இல்லாத காத்துல வச்சு ஊதுங்க. கழுவியே ஆகணும்னா வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சுப் பசையை முழுசா எடுத்துட்டு, புதுசா முக்கி மறுபடி ஊசி குத்திக் காயவைக்கணும். கம்பியில கட்டின பூவை முக்காதீங்க, உள்ளே கம்பி துருவேறி நூல்ல கறை இறங்கும்.

மல்லிமொட்டு

சரிங்க. அப்போ கிளிப் பூவுக்குப் பசை போடாம அக்ரிலிக்ல பின்னி ஆவி காட்டிடுறேன், ஜாடிப் பூவுக்கு மட்டும் பருத்தியும் பசையும்.

ஊசிமுனை

அதுதான் சரி. கிளிப் பூவுக்கு 3 மி.மீ. ஊசியே எடுங்க, தலையில படுற பொருள், அடிக்கடி கசங்கும். அக்ரிலிக் பூ அழுக்கானா லேசான சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காயப்போடலாம், ஆனா கிளிப் துருப்பிடிக்காத வகையான்னு பார்த்துக்கோங்க. இல்லேன்னா ஃபெல்ட் கீறல்லேருந்து தகட்டை உருவிட்டு அலசுங்க. அப்படிக் கழட்டுறதா இருந்தா உள்ளே அந்த ஒரு சொட்டுப் பசையும் வைக்காதீங்க, கீறலைத் தகட்டைவிட ஒரு மி.மீ. குறுகலா வெட்டினா அதுவே பிடிச்சுக்கும்.